குவாரித் தூசியும் நுரையீரல் புற்றும்: எங்கே தவறு செய்கிறோம்?

திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் பக்கம் குவாரியிலோ கல் உடைக்கும் கிரஷரிலோ வேலை பார்ப்பவர்களிடம் தூசியைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதான் துண்டு கட்டியிருக்கோம்லா" என்பார்கள். முதல் தவறு அந்தத் துண்டை நம்புவது. கண்ணுக்குத் தெரிகிற தூசியைத்தான் துண்டு தடுக்கும். அது பெரும்பாலும் மூக்கு, தொண்டையிலேயே நின்று சளியோடு வந்துவிடும். கருங்கல்லைத் துளைக்கும்போது பறக்கும் சிலிக்கா என்ற கல்தூசியில் 5 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள் இருக்கிறதே, அது துணியின் இழைகளுக்குள் புகுந்து நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்லைவிடக் கருங்கல்லில் சிலிக்கா அதிகம். இந்தச் சிலிக்காத் தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. 2012-ல் டீசல் புகையும் அதே வரிசையில் சேர்ந்தது. கம்ப்ரசரும் டிப்பரும் ஓடுகிற குழிக்குள் இரண்டையும்தான் சுவாசிக்கிறார்கள்.

என்-95 மாஸ்க் துண்டைவிட எவ்வளவோ மேல். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும். அதைவிட முக்கியம், தண்ணீர் விட்டுத் துளை போடுவது. மாஸ்க்கைக் கொடுத்துவிட்டுத் தண்ணீரை மிச்சம்பிடிக்கும் முதலாளி பாதி வேலைகூடச் செய்யவில்லை என்பேன்.

சாயங்காலம் கருப்பட்டி தின்றால் தூசி இறங்கிவிடும் என்பார்கள். தின்பது இரைப்பைக்குப் போகிறது. தூசி கிடப்பது வேறு பாதையில். ஆசைக்குத் தின்னலாம். பீடி விஷயம் அப்படியில்லை: சிலிக்காவோடு சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

பெரிய தவறு நடப்பது ஆஸ்பத்திரியில். மாதக்கணக்கில் இருமல், மூச்சிரைப்பு, எடை குறைவு என்று போனால், "என்ன வேலை?" என்ற கேள்விக்கு "கூலி வேலை" என்று பதில். டாக்டருக்கு அதில் என்ன தெரியும்? எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் முதலில் டிபி சந்தேகம்தான் வரும். சிலிக்கோசிஸ் (சிலிக்காத் தூசியால் நுரையீரல் தழும்பேறும் நோய்) உள்ளவர்களுக்கு டிபி சுலபமாகத் தொற்றும் என்பதால், டிபி உறுதியானாலும் கதை அதோடு முடியாது. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை, மாத்திரை சாப்பிட்டும் இருமல் நிற்கவில்லை, சளியில் ரத்தம் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் நெஞ்சுநோய்ப் பிரிவுக்குப் போய், சிடி ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.

குவாரியை விட்டு இப்போது டீக்கடை வைத்திருந்தாலும் பழைய வேலையைச் சொல்லத்தான் வேண்டும். தூசியால் வரும் சிலிக்கோசிஸும் புற்றும் 15, 20 வருஷம் கழித்தும் தலைகாட்டும். எந்தக் குவாரி, எத்தனை வருஷம், துளை போட்டதா ஜல்லி அள்ளியதா என்று ஒரு தாளில் எழுதி எக்ஸ்ரேயோடு வையுங்கள். நஷ்டஈடு கேட்கும்போதும் அது உதவும்.