சிங்கப்பூரில் வேலையில் அடிபட்டதா? எம்சி மட்டும் போதாது

எனக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம். ஜூரோங்கில் ஒரு கட்டுமான சைட்டில் சேஃப்டி கோஆர்டினேட்டராக இருக்கிறேன். யாருக்காவது அடிபட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும், அப்புறம் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் காகிதங்களைத் தேடிப் பிடிப்பதும் என் தலையில்தான் விழும். நஷ்டஈட்டுக் கேஸ் சிக்கலாகும்போதெல்லாம் பழைய ஃபைலைப் புரட்டிப் பார்ப்பேன். பெரும்பாலும் சிக்கல் ஆரம்பித்த இடம் முதல் நாள் டாக்டர் கம்ப்யூட்டரில் தட்டிய இரண்டு வரியாகத்தான் இருக்கும். அந்த இரண்டு வரியில் என்ன வரவேண்டும், அதற்கு நீங்கள் என்ன செய்யவேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2019-இல் போட்ட வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் 2020 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எல்லாரும் விக்கா என்பார்கள். ஒர்க் பெர்மிட்காரருக்கும் பொருந்தும். வீட்டு வேலை செய்பவர்கள் இதில் வரமாட்டார்கள். தப்பு யார் மேல் என்ற கேள்வியே இங்கே கிடையாது. வேலையின் காரணமாக அடிபட்டது என்று காட்டினால் போதும். கிடைப்பது மூன்று: எம்சி (டாக்டர் கொடுக்கும் மருத்துவ விடுப்புச் சீட்டு) நாட்களுக்குச் சம்பளம், வைத்தியச் செலவு, உடம்பில் நிரந்தரக் குறை தங்கிவிட்டால் மொத்தமாக ஒரு தொகை. இந்த மூன்றுக்கும் டாக்டரின் காகிதம்தான் ஆதாரம். கூட வேலை பார்த்தவர் சாட்சி சொல்வதும், செல்போனில் எடுத்த படமும் அதற்குத் துணை நிற்கும், அவ்வளவுதான்.

இப்போது அந்த முதல் நாளுக்கு வருகிறேன். டாக்டர் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, எப்படி அடிபட்டது என்பதுதான். அதற்கு யார் பதில் சொல்கிறார்கள் என்பதில் கவனமாக இருங்கள். பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கையில் சாரக்கட்டுப் பைப் விழுந்து இரண்டு விரல் நசுங்கிவிட்டது. அப்போது அவர் வேறு ஒரு கம்பெனியில் இருந்தார். கூட வந்த சூப்பர்வைசர், டார்ம் (தொழிலாளர் விடுதி) பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்று டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். தம்பிக்கு அது புரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். பிறகு கிளைம் போட்டபோது ஆஸ்பத்திரிப் பதிவில் பாத்ரூம் என்று இருக்கிறது, இவர் சைட் என்கிறார். இரண்டையும் வைத்துக்கொண்டு இன்சூரன்ஸ் ஆள் எதை நம்புவார்? சாட்சி தேடி, சைட் ரெஜிஸ்டரை எடுத்து நேர்செய்வதற்குள் மாதக்கணக்கில் இழுத்துவிட்டது.

அதனால் டாக்டர் அறைக்குள் நீங்களே பேசுங்கள். ஆங்கிலம் வராது என்று கூச்சப்படத் தேவையில்லை. தமிழ் இந்த நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. டான் டோக் செங், கூ டெக் புவாட், இங் டெங் ஃபோங் மாதிரி அரசு ஆஸ்பத்திரிகளில் தமிழ் பேசும் நர்ஸ் ஒருவராவது பெரும்பாலும் இருப்பார். கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். சூப்பர்வைசர் வெளியே இருக்கட்டும் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. சொல்லவேண்டியது நாலே விஷயம்தான்: எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்யும்போது, எது எங்கே பட்டது. "சைட்டில், காலை பத்து மணிக்கு, பைப் இறக்கும்போது, மேலேயிருந்து விழுந்த பைப் இடது கையில் பட்டது" என்று சொன்னால் டாக்டர் அப்படியே எழுதிக்கொள்வார். சின்ன வலியையும் விடாதீர்கள். கை முறிந்த அவசரத்தில் தோளும் வலிக்கிறது என்று சொல்ல மறந்துவிட்டு, மூன்று வாரம் கழித்துத் தோளைக் காட்டினால், அது எப்போது வந்தது என்ற கேள்வி எழும்.

அடிபட்ட அன்றே போகவேண்டும் என்பதும் இதனால்தான். தைலம் தடவி, ரூமில் படுத்துப் பார்த்து, தாங்காமல் நாலாம் நாள் போகிறவர்கள் நம் ஆட்களில் நிறைய. இடையில் ஞாயிற்றுக்கிழமை வேறு வந்திருந்தால், அன்றைக்கு கிரிக்கெட் ஆடினாயா என்றுகூடக் கேட்பார்கள்.

பழைய வலி இருந்தால் மறைக்காதீர்கள். முதுகுக் கேஸ்களில் எம்ஆர்ஐ எடுத்தால் வயதால் வந்த தேய்மானம் கொஞ்சம் தெரியத்தான் செய்யும், முப்பத்தைந்து வயதுக்காரருக்கும் தெரியும். முன்னால் லேசாக வலித்ததுண்டு, ஆனாலும் அன்று காலை வரை முழு வேலை செய்தேன், மூட்டை தூக்கியபோது பிடித்ததிலிருந்து குனிய முடியவில்லை என்று உள்ளபடி சொன்னால் அது உங்களுக்குச் சாதகமான பதிவு. வலியே இருந்ததில்லை என்று சொல்லிவிட்டு, பழைய கிளினிக் பில் ஒன்று வெளியே வந்தால் மீதிப் பேச்சையும் நம்பமாட்டார்கள்.

அடுத்தது எம்சி. பலர் எம்சிச் சீட்டுதான் எல்லாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் பெரும்பாலும் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வேலைக்குத் தகுதியில்லை என்று மட்டுமே இருக்கும். என்ன காயம், எப்படி வந்தது என்று இருக்காது. எனவே டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே ரிப்போர்ட், டாக்டரின் மெமோ, பிசியோ கார்டு என எது கைக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரம்மா வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் போன் தொலைந்தாலும் அங்கே இருக்கும். கம்பெனிக்குக் கொடுக்கும்போதும் போட்டோவாக அனுப்பிவிட்டு, பிறகு ஒரிஜினலைக் கொடுங்கள். என்றைக்குக் கொடுத்தீர்கள் என்பதற்கு அந்த மெசேஜே அத்தாட்சி. முழு மெடிக்கல் ரிப்போர்ட் வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியின் பதிவுப் பிரிவில் எழுதிக்கொடுத்துக் கட்டணம் கட்டவேண்டும். வர நாளாகும், சீக்கிரமே கேட்டுவிடுங்கள்.

எம்சி நாட்களின் எண்ணிக்கையில் காசு இருக்கிறது. வெளிநோயாளி எம்சிக்கு 14 நாள் வரை, ஆஸ்பத்திரி விடுப்புக்கு 60 நாள் வரை முழுச் சராசரிச் சம்பளம். அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நடந்து ஒரு வருடம் வரை. சராசரியை முந்தைய 12 மாதச் சம்பளத்தை வைத்துப் போடுவார்கள், ஓவர்டைமும் சேரும். பேஸ்லிப்பைத் தூக்கி எறியாதீர்கள்.

இங்கேதான் லைட் டூட்டி, அதாவது விடுப்புக்குப் பதிலாக லேசான வேலை, என்ற விளையாட்டு வரும். முன்பெல்லாம் மூன்று நாளுக்கு மேல் எம்சி போனால்தான் கம்பெனி மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று இருந்தது. அதனால் எலும்பு முறிந்தவருக்கும் இரண்டு நாள் எம்சி, மீதி லைட் டூட்டி என்று எழுதி வாங்கும் பழக்கம் சில இடங்களில் இருந்தது. 2011-இல் மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன கட்டுமானத் தொழிலாளி ஒருவருக்கு இப்படி இரண்டே நாள் எம்சி கொடுத்த அறுவைச் சிகிச்சை நிபுணரை, 2016-இல் உயர் நீதிமன்றம் ஆறு மாதம் சஸ்பெண்ட் செய்தது. அந்த சைட்டில் லைட் டூட்டி என்று ஒரு வேலை உண்மையில் இருக்கிறதா என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளாமல் எழுதினார் என்பது அவர்மேல் இருந்த முக்கியமான குறை.

2020 செப்டம்பரிலிருந்து ஒரு நாள் எம்சியானாலும், லைட் டூட்டி மட்டும் என்றாலும், வேலையில் வந்த காயம் என்றால் தெரிவித்தே ஆகவேண்டும். லைட் டூட்டி நாட்களில் சம்பளம் குறைந்தால் அதற்கும் ஈடு உண்டு. அப்படியும் லைட் டூட்டி என்று எழுதினால், உங்கள் வேலை என்ன என்பதை டாக்டரிடம் விளக்கிச் சொல்லுங்கள். "நான் ரீபார் கட்டுகிறவன், எங்கள் சைட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை இல்லை" என்றால் அவருக்குப் புரியும். சொல்லாவிட்டால் அவர் ஆபீஸ் நாற்காலியை நினைத்துக்கொண்டு எழுதிவிடுவார். லைட் டூட்டிச் சீட்டோடு வந்தவரை சிமெண்ட் மூட்டை தூக்கச் சொன்னால், அன்றே நாள், நேரத்தோடு குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த அப்பாயின்ட்மென்டில் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவும் பதிவாகட்டும்.

நிரந்தரக் குறை எத்தனை சதவீதம் என்று மதிப்பிடும் நாள் ஒன்று வரும். காயம் ஆறி நிலைக்கு வந்தபின் அது நடக்கும். 6 மாதம் ஆகியும் சிகிச்சை முடியவில்லை என்றால் அப்போதிருக்கும் நிலையை வைத்தே மதிப்பிடவும் சட்டத்தில் இடமுண்டு. உங்கள் சராசரிச் சம்பளத்தையும் வயதுக்குரிய ஒரு எண்ணையும் அந்தச் சதவீதத்தையும் பெருக்கித்தான் தொகை வரும். ஒரு சதவீதம் கூடக் குறைய இருந்தால் தொகையில் நன்றாகத் தெரியும். முழு நிரந்தரக் குறைக்கு 2025 நவம்பர் முதல் உச்சவரம்பு 3,46,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வைத்தியச் செலவுக்கு 53,000 வெள்ளி.

அந்த நாளில் நம் ஆட்கள் செய்யும் காரியம், டாக்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டதும் மரியாதைக்காக "இப்ப நல்லாருக்கு சார்" என்பது. அப்படிச் சொன்னால் அப்படியே எழுதிவிடுவார். கூட்டிச் சொல்லவும் வேண்டாம், நடிப்பு டாக்டரிடம் எடுபடாது. முடியாததைச் சொல்லுங்கள்: ஹார்னஸ் கொக்கியை அழுத்த முடியவில்லை, ஸ்பேனர் பிடித்தால் பத்து நிமிடத்தில் மரத்துப்போகிறது, இரவில் விரல் மடக்கினால் திரும்ப நீளவில்லை. போவதற்கு முன் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இன்சூரன்ஸ் அனுப்பும் கணக்குக் கடிதத்தில் சதவீதமோ சம்பளமோ தப்பாக இருந்தால், அதிலேயே போட்டிருக்கும் கெடுவுக்குள் ஆட்சேபம் கொடுங்கள். யாராவது படித்துச் சொல்லாமல் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

கிளைம் போட விபத்து நாளிலிருந்து ஒரு வருடம்தான் அவகாசம். கம்பெனி தெரிவிக்கவில்லை என்றால் நீங்களே மனிதவள அமைச்சில் போடலாம். துணைக்கு வெளிநாட்டு ஊழியர் நிலையம் இருக்கிறது. டிடபிள்யூசி2 என்ற தொண்டு அமைப்பும் இருக்கிறது. லிட்டில் இந்தியாவில் கேஸ் நடக்கும் தொழிலாளர்களுக்கு 2008 முதல் கஃப் ரோடு திட்டம் என்று இலவசச் சாப்பாடு போட்டுவருபவர்கள் அவர்கள்தான். தேக்கா பக்கம் டீக்கடையில் வந்து உட்கார்ந்து, கேஸை நான் பார்த்துக்கொள்கிறேன், கமிஷன் கொடு என்பவர்களிடம் ஒரிஜினல் காகிதம் எதையும் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, கப்பல் பட்டறையில் சிப்பிங், கிரைண்டிங் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சத்தத்தால் காது மந்தமாவதும் இந்தச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. விபத்து மாதிரி அதற்கு ஒரு நாள், ஒரு மணி என்று கிடையாது. வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த காது டெஸ்டும், ஆண்டுதோறும் எடுப்பதும்தான் அங்கே ஆதாரம். ஒவ்வொரு முறையும் ரிசல்ட்டின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். கம்பெனி மாறும்போது பழையதையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள்.