நிஞ்சுட்சு: மொட்டை மாடியில் விழுந்தவன் சொல்வது

கும்பகோணத்தில் நிஞ்சுட்சு, அதாவது ஜப்பானிய நிஞ்ஜாக்களின் பெயரில் வழங்கும் சண்டைக் கலை, கற்கிறேன் என்று யாரிடம் சொன்னாலும் அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான்: "சுவரேறிக் குதிப்பீங்களா?" அப்படி எதுவும் இல்லை. இத்தனை வருடத்தில் நான் அதிகம் செய்தது விழுவதும் உருளுவதும்தான். இது தெரியாமல் வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில் காணாமல் போய்விடுகிறார்கள்.

கோளாறு உடையிலேயே தொடங்கிவிடும். வகுப்பில் சேரும் முன்பே முகமூடியும், முதுகில் மாட்டும் நேரான வாளும் ஆன்லைனில் வாங்கிவிடுவார்கள். பயிற்சிக்குக் கறுப்பு உடை உண்டு. அது ஜூடோ உடை மாதிரி தடித்த பருத்தி, அவ்வளவுதான். ஜப்பானின் இகா, கோகா பகுதிகளில் ஒற்று வேலை பார்த்த நிஞ்ஜாக்கள் வியாபாரி, துறவி, தெருவில் வித்தை காட்டுபவன் என்று வேடம் போட்டார்கள். சாதாரண ஊர்க்காரனாகவும் போனார்கள். நம் கடைத்தெருவில் அந்த வேலைக்கு வருகிறவன் கைலி கட்டி, மஞ்சப்பையோடுதான் வருவான்.

அந்த ஒற்றர்களின் வித்தையே அப்படியே நமக்குக் கிடைக்கிறது என்று நம்புவதும் தவறு. 1676இல் தொகுக்கப்பட்ட 'பான்சென்ஷூகாய்' என்ற நிஞ்ஜா நூல் வேடம், ஊடுருவல், நெருப்பு, வானிலை என்றுதான் அதிகம் பேசுகிறது. கைச்சண்டைக்கு அதில் இடம் மிகக் குறைவு. இன்று உலகம் முழுக்க நிஞ்சுட்சு என்று பரவியிருப்பதில் பெரும்பகுதி, மசாகி ஹட்சுமி என்ற ஜப்பானிய ஆசிரியர் 1970களில் நிறுவிய புஜின்கான் என்ற அமைப்பின் வழி வந்தது. அதில் உள்ள ஒன்பது மரபுகளில் மூன்றுதான் நிஞ்ஜா மரபுகள். மற்றவை சாமுராய்களின் போர்முறையைச் சேர்ந்தவை. ஹட்சுமியின் குரு தகமட்சு 1972இல் இறந்தார். அவருக்கு முந்தைய வம்சாவளியை ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. இதைக் கேட்டதும் கோபப்படும் ஆசிரியரிடம் சேராதீர்கள்.

சரி, விழுவதற்கு வருவோம். உகேமி என்பார்கள். நான் தொடங்கிய இடம் ஒரு மொட்டை மாடி. சிமெண்டுத் தரைமேல் கயிற்றுப் பாய் ஒன்று விரித்திருந்தார்கள். இரண்டாம் நாளே தோள்பட்டை முனை நேராகத் தரையில் மோதியது. மூன்று வாரம் சட்டை போட அம்மா கை கொடுக்க வேண்டியிருந்தது. பாயைக் குறை சொல்லலாம், ஆனால் தப்பு என் உருளலில். முன்னுருளலில் உடம்பு நேராகப் போகக் கூடாது, குறுக்காகப் போக வேண்டும். வலது கை, முழங்கை, தோளின் பின்பக்கம், அங்கிருந்து முதுகைக் கடந்து இடது இடுப்பு. மோவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், தலை தரையைத் தொடவே கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உருண்டால் உடம்பு பலகை மாதிரி விறைத்து 'தொப்' என்று விழும். மூச்சை விட்டபடி உருளுங்கள். நின்றபடி வேண்டாம், முதல் மாதம் முழுக்க மண்டியிட்டே செய்யுங்கள்.

அடுத்தது இதைவிடப் பெரிய தவறு. ஜோடிப் பயிற்சியில் எதிராளி ஒரு குத்து விடுவார், விட்ட கையை அப்படியே நீட்டிக்கொண்டு நிற்பார். நாம் விலகி, மணிக்கட்டைத் திருகி, அழகாகக் கீழே சாய்ப்போம். அசைவைப் படிக்க இந்த முறை தேவைதான். ஆனால் இதையே சண்டை என்று நினைத்தால் ஏமாற்றம்தான். நிஜத்தில் குத்திய கை அடுத்த நொடியே பின்னால் போய்விடும், இன்னொரு கை வரும். பெரும்பாலான நிஞ்சுட்சு வகுப்புகளில் போட்டி கிடையாது. அதனால் இந்த ஓட்டை வெளியே தெரியாமலே வருடங்கள் ஓடிவிடும்.

எனக்கு இது உறைத்தது ஒரு சிலம்பக் களத்தில். நான் ஆறடிக் கம்பைப் பிடித்து ஜப்பானிய நிலையில் நின்றேன். எதிரே பத்தாம் வகுப்புப் பையன். மூச்சு விடுவதற்குள் என் முட்டியில் இரண்டு முறை தொட்டுவிட்டான். வாத்தியார் சிரித்துக்கொண்டே, "தம்பி, நிலை நல்லாருக்கு. காலடி எங்கே?" என்றார். அப்புறம்தான் வகுப்பில் நாங்கள் ஒரு வழக்கம் வைத்தோம்: பாடம் முடிந்ததும் கையுறை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம். எதிராளி கையை இழுத்துக்கொள்வார், விலகுவார், நம்மையும் குத்துவார். கற்ற பத்துப் பிடிகளில் இரண்டு உருப்படியாக நின்றால் பெரிது.

பட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புஜின்கானில் கறுப்புப் பட்டையில் டான் எனப்படும் படிநிலைகள் 15 வரை உண்டு. ஐந்தாம் டானுக்கு, கண்ணை மூடி மண்டியிட்டு அமர்ந்திருப்பவரின் பின்னால் நின்று மூங்கில் வாளை இறக்குவார்கள். அவர் உணர்ந்து விலக வேண்டும். பார்க்க அழகான சடங்குதான். பஸ் ஸ்டாண்டில் குடித்துவிட்டுத் தள்ளுகிறவனை அதை வைத்துச் சமாளிக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

இடம் இல்லாதவர்களுக்கு ஒன்று. தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்ததும் வயல் இருக்கிறதே என்று உருளப் போகாதீர்கள். பெல்ட் அறுவடை வண்டி விட்டுப் போன அரிதாள் முதுகில் குத்தும். களத்து ஓரத்தில் வைக்கோலை முழங்கால் உயரத்துக்குப் பரப்பி, மேலே பழைய ஜமுக்காளம் ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். முதலில் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள், மாட்டுக்கு வைத்திருக்கும் வைக்கோல் அது.