நூல் வெளியீட்டுக்கு மறுநாள் தொடங்கும் வேலை

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் சொந்தச் செலவில் புத்தகம் போடுகிறவர் அச்சுக் கூலியைக்கூட எப்படியோ சமாளித்துவிடுவார். அடுத்தவர் கணக்குதான் அவரைச் சாய்த்துவிடும். தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் உங்கள் நூல் 90 பிரதி போயிருக்கும். அதே வாரம் கோலாலம்பூர் வெளியீடு ஒன்றில் 400 பிரதி போனதாக முகநூலில் படம் வரும். அன்றிரவே எழுதும் கை தளர்ந்துபோகும்.

அந்த 400 எதைக் குறிக்கிறது என்று முதலில் பாருங்கள். நம் வெளியீட்டு மேடையில் டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் முதல் நூல் பெற்று உறையில் ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) வைப்பார். ஆலயத் தலைவரும் சங்கத்துக்காரர்களும் வரிசையில் வந்து நூறு, ஐம்பது கொடுப்பார்கள். கல்யாண மொய் போல, எழுதியவர் மேலுள்ள மரியாதைக்குத் தருவது அது. நல்ல வழக்கம்தான். பல தமிழ் நூல்கள் அச்சுக் கடனைத் தாண்டுவது அதனால்தான். ஆனால் எழுத்தாளருக்கு எத்தனை பேரைத் தெரியும் என்பதைத்தான் அந்தப் பணம் சொல்லும். வாங்கியவர்களில் எத்தனை பேர் பத்தாம் பக்கம் தாண்டினார்கள் என்பது அதில் தெரியாது.

ஆகவே வெளியீட்டுக்கு மறுநாளே நீளக் கணக்குப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். ஐந்து கட்டம் போடுங்கள்: தேதி, பிரதி, வாங்கியவர், வந்த பணம், எப்படித் தெரிந்து வந்தார். வெளியீட்டு நாள் விற்பனை முழுவதையும் முதல் பக்கத்தில் ஒரே வரியில் எழுதி, கீழே கோடு இழுத்துவிடுங்கள். கோட்டுக்குக் கீழே வருவதுதான் நூலின் கணக்கு. ஒரு வரி இப்படி இருக்கும்: ‘மார்ச் 14, 2 பிரதி, கோலகங்சார் ஆசிரியை, 40 வெள்ளி, தோழி வீட்டில் பார்த்தாராம்.’ அந்தக் கடைசிக் கட்டம்தான் விலைமதிப்பில்லாதது. உங்களை அறியாத ஒருவர் இன்னொருவர் சொல்லித் தேடி வந்திருக்கிறார். இப்படிப்பட்ட வரிகளுக்கு மட்டும் சிவப்பு மையால் புள்ளி வையுங்கள். மாதம் மூன்று புள்ளி விழுந்தாலே நூல் தன் காலில் நடக்கிறது என்று கொள்ளலாம். இந்த மாதப் புள்ளிகளைப் போன மாதப் புள்ளிகளோடு ஒப்பிடுங்கள். உங்களுக்குத் தேவையான ஒப்பீடு அது ஒன்றுதான்.

கித்தா மரத்தை, அதாவது ரப்பர் மரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும். நட்டு ஐந்து முதல் ஏழு ஆண்டு கழித்துத்தான் மரம் பால் வெட்டுக்கு வரும். அப்போதும் வயதை மட்டும் நம்புவதில்லை. ஏறத்தாழ 150 சென்டிமீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றி, 50 சென்டிமீட்டர் சுற்றளவு வந்துவிட்டதா என்று அளப்பார்கள். பக்கத்துத் தோட்டத்தில் பால் எடுக்கிறார்களே என்று இளமரத்தில் கத்தி வைத்தால் மரம் பருப்பது குறையும், பின்னாளில் பாலும் குறையும். நூலிலும் ஆளுக்கு ஆள் இதே தவறுதான் நடக்கிறது: அடுத்தவர் தைப்பூசத்துக்குப் புத்தகம் கொண்டுவருகிறார் என்பதற்காகப் பாதி திருத்திய பிரதியை அச்சகத்துக்கு அனுப்புவது.

அவசரம் எங்கே காசைத் தின்னும் என்று தெரிந்தால் பொறுமை தானாக வரும். எழுதி முடித்த பிரதியை ஆறு வாரம் தொடாமல் வையுங்கள். பிறகு நீங்களே ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியம் பழுது. அடுத்து, உங்கள் உறவினர் அல்லாத இரண்டு பேரிடம் கொடுத்து, எந்தப் பக்கத்தில் கீழே வைத்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். மெய்ப்புத் திருத்தத்துக்கு நான்கு வாரமாவது ஒதுக்குங்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றினால் ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ போன்றவை உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் நிற்கும். திரையில் சரியாகத் தெரிந்தாலும், பிடிஎஃப் கோப்பில் எழுத்துரு பதியாவிட்டால் அச்சகத்துக் கணினியில் மறுபடி உடையும். அதனால் 300 பிரதி ஓட்டுவதற்கு முன் ஒரே ஒரு பிரதி அச்சிட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் பாருங்கள். அந்த ஒரு வாரத்தை மிச்சம் பிடிக்கப் போய்ப் பிழைதிருத்தச் சீட்டு ஒட்டி விற்கும் நிலைமைக்கு வந்தவர்கள் பலர்.

நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை மலேசியத் தேசிய நூலகம் இலவசமாகவே தருகிறது. பக்க வடிவமைப்பு முடியும்போதே விண்ணப்பியுங்கள். அச்சானபின் கேட்டால் எண்ணை ஒட்டுச்சீட்டில்தான் போட வேண்டியிருக்கும். அச்சகத்தார், பதிப்பாளர் பெயரும் முகவரியும் முதல் தாளிலோ கடைசித் தாளிலோ மலாய் அல்லது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது 1984 ஆம் ஆண்டு அச்சக, வெளியீட்டுச் சட்டம். தமிழில் மட்டும் போட்டால் போதாது. நூல் வெளிவந்த ஒரு மாதத்துக்குள் ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். இந்த ஐந்தையும் விற்பனைக் கணக்கில் சேர்க்காமல் முதலிலேயே எடுத்து வையுங்கள்.

எத்தனை பிரதி அடிப்பது என்பதில்தான் ஒப்பீடு அதிகச் சேதம் செய்கிறது. அச்சகத்தில் 100, 300, 500 மூன்றுக்கும் விலை கேளுங்கள். 500க்குப் பிரதி விலை குறைவாகத் தெரியும், மனம் அங்கே ஓடும். ஆனால் விற்காத பிரதியின் விலையையும் விற்ற பிரதிதான் சுமக்கிறது. முதல் நூலென்றால், வெளியீட்டுக்கு நிச்சயம் வருவோர் தொகையோடு இன்னொரு 50 சேர்த்து நிறுத்துங்கள். தீர்ந்தால் மறுபடி அடிக்கலாம். கடையில் வைப்பதானால் 30 முதல் 40 விழுக்காடு கழிவு கேட்பார்கள், அதையும் சேர்த்து விலை வையுங்கள். பக்கங்கள் 16இன் மடங்கில், 144, 160 என்று அமைந்தால் தாள் வீணாகாது.

மீந்த பெட்டிகளைச் சிமெண்டுத் தரையில் வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு அடிப்பெட்டி ஆறே மாதத்தில் பழுப்புப் புள்ளி போடும், கரையானும் அங்கிருந்துதான் ஏறும். செங்கல் மேல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள்.

அமேசானின் கிண்டிலில் தமிழ் மின்னூல் போடுகிறவர்கள் விற்பனைத் தரவரிசை எண்ணை நாளுக்குப் பத்துத் தடவை பார்க்கிறார்கள். அந்த எண் அண்மைய விற்பனையை மற்ற நூல்களோடு வைத்துச் சொல்வது, மொத்த விற்பனையை அல்ல. குறைவாக விற்கும் நூலில் ஒரே ஒரு பிரதி போனாலும் எண் பல ஆயிரம் இடம் தாவும். இரண்டு நாள் விற்காவிட்டால் அதே வேகத்தில் சரியும். ‘ஒரே நாளில் 600 பதிவிறக்கம்’ என்று யாராவது போட்டால், இலவச நாளா என்று பாருங்கள். கிண்டில் செலக்ட் என்ற அமேசான் திட்டத்தில் சேர்ந்த நூலை 90 நாளில் ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்கலாம், ஆனால் அந்த 90 நாளும் மின்வடிவில் வேறெங்கும் தர முடியாது. ஜனவரி விற்பனைக்குப் பணம் மார்ச் இறுதியில்தான் வரும். அமெரிக்க விற்பனையின் பங்கில் மலேசியருக்கு 30 விழுக்காடு வரி பிடிப்பார்கள், இரு நாட்டுக்கும் இடையே வருமான வரி ஒப்பந்தம் இல்லாததால். ஆகையால் மாதம் ஒருமுறை, முதல் தேதியில் அறிக்கையைத் திறந்து கணக்குப் புத்தகத்தில் ஏற்றிவிட்டு மூடுங்கள்.

மற்றவரைப் பார்க்கவே கூடாது என்பதில்லை. பார்த்தால் முழுதாகப் பாருங்கள். அது அவருடைய எத்தனையாவது நூல், எத்தனை ஆண்டு இதழ்களில் எழுதியிருக்கிறார், பிரதிகளைத் தனி ஆட்கள் வாங்கினார்களா, சங்கம் மொத்தமாக வாங்கியதா என்று கேளுங்கள். ஐந்தாம் நூல் போடுகிறவரின் முதல் நூலைத் தேடி எடுத்து உங்கள் முதல் நூலுக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அட்டையில், எழுத்தின் அளவில், அத்தியாயத் தொடக்கத்தில் அவர் பிறகு எதை மாற்றினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பொறாமையாக வந்தது பாடமாகிவிடும். மனம் ஆறவில்லையென்றால் அவரிடமே ஒரு பிரதி காசு கொடுத்து வாங்கிவிடுங்கள். அதற்குப் பிறகு பேசுவது எளிதாகிவிடும்.

பன்னிரண்டாம் மாத முடிவில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து சிவப்புப் புள்ளிகளை எண்ணுங்கள். புள்ளி உள்ள ஒவ்வொரு வரியிலும் இருப்பவரைத் தொலைபேசியில் அழைத்து, நூலில் எந்தப் பகுதி நினைவில் நிற்கிறது என்று கேட்டு அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். இரண்டாம் நூலின் முதல் வரைவை அந்தப் பக்கத்தை எதிரே வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.