மறுபடியும் கடனில் விழுந்த பிறகு வீட்டுக் கணக்கை நேராக்கிய விதம்

கடனெல்லாம் முடிந்தது என்று மூச்சு விட்டுப் பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டைத் திறந்தால், பழைய பாக்கியில் முக்கால்வாசி திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. ஆடம்பரமாக எதையும் வாங்கவில்லை. வேலை போகவில்லை, வீட்டில் யாரும் படுக்கையில் விழவில்லை. பிறகு எங்கிருந்து வந்தது? அது புரியவே எனக்கு ஒரு மாதம் ஆனது. புரிந்த பிறகு இரண்டே கால் வருடத்தில் மீண்டு வந்தோம். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வரவு செலவு எழுதுவது உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன். ஒரு தடவை கடனை அடைத்தவர்களுக்கு அந்தப் பழக்கம் இருக்கும். இரண்டாம் தடவை விழுந்தவர்களுக்குத் தேவைப்படுவது மூன்றாவது படியில் இருக்கிறது. நேரம் இல்லாதவர்கள் நேராக அங்கே போய்விடலாம்.

படி 1: புதுக் கடனை இன்றைக்கே நிறுத்துங்கள்

கார்டை வெட்டிப் போட வேண்டியதில்லை. போனில் எந்தெந்த ஆப்களிலும் தளங்களிலும் கார்டு எண்ணைச் சேமித்து வைத்திருக்கிறீர்களோ, அத்தனையிலிருந்தும் அதை நீக்குங்கள். ஒவ்வொரு தடவையும் பதினாறு எண்களைத் தட்டச்சு செய்ய வேண்டும் என்றாலே பாதி வாங்கல் நின்றுவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலான கார்டுகளில், போன மாதப் பாக்கியை முழுதாகக் கட்டாவிட்டால் புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். இது தெரியாமல் மாதக்கணக்கில் சின்னச் சின்னச் செலவுக்கெல்லாம் கார்டைத் தேய்த்திருக்கிறேன்.

படி 2: எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்

யாருக்கு, பாக்கி எவ்வளவு, மாத வட்டி எவ்வளவு, தவணை எவ்வளவு, கெடு தேதி எது. இந்த ஐந்து கட்டம் போதும். இதற்கு நோட்டுப் புத்தகம்தான் சரி என்பது என் கருத்து. எஸ்எம்எஸ்ஸைப் படித்துத் தானாகக் கணக்கு எழுதும் ஆப்களை இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன். அவற்றுக்கு வங்கிக் கடன் தெரியும். ஆனால் மனிதர்களிடம் வாங்கிய கடன் தெரியாது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகள் தூங்கிய பிறகு இருவரும் உட்கார்ந்து எழுதினோம். நான்கு வரி எழுதிக் கூட்டல் போடப் போனேன். என் கணவர் பேனாவை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். "இன்னும் ஒண்ணு இருக்கு. ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட கைமாத்தா வாங்கினேன். உன்கிட்ட சொல்லல" என்றார். "எவ்வளவுங்க?" என்று கேட்டேன். வாயால் சொல்லவில்லை, ஐந்தாவது வரியில் எழுதினார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அப்புறம் நான் பேனாவை வாங்கி ஆறாவது வரியில் என் அக்காவிடம் வாங்கியிருந்ததை எழுதினேன். அதுவும் அவருக்குத் தெரியாது. அந்த இரண்டு வரியும் வராமல் போயிருந்தால் நாங்கள் போட்ட திட்டம் மூன்றே மாதத்தில் உடைந்திருக்கும்.

ஆகவே எழுதும்போது ஒரு விதி வையுங்கள்: அந்தத் தாள் முடியும் வரை யாரும் "ஏன்" என்று கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த வரி வராது.

வட்டிக் கட்டத்தை நிரப்பும்போது கவனமாக இருங்கள். சில கடன்களில் வட்டியை முழு அசலுக்கும் கடைசி வரை போடுவார்கள். அசல் குறையக் குறைய வட்டியும் குறைவது வேறு வகை. உதாரணமாக 12,000 கடன், 12 மாதம், முழு அசலுக்கும் ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் வட்டி 1,440, மாதத் தவணை 1,120. ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, உங்கள் கையில் முழு 12,000 இருப்பது முதல் மாதம் மட்டும்தான். குறையும் அசலுக்குக் கணக்குப் பார்த்தால் அது ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கும் மேல். இரண்டு வகையையும் அப்படியே ஒப்பிட்டால் தப்பான கடனை முதலில் அடைப்பீர்கள்.

படி 3: மாதாமாதம் வராத செலவுகளைப் பிடியுங்கள்

நான் விழுந்தது இங்கேதான். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

முதல் தடவை கடனை அடைத்தபோது, மாதச் செலவு போக மிஞ்சிய அத்தனையையும் கடனுக்கே கொட்டினேன். கணக்கு சுத்தமாக இருந்தது. காகிதத்தில் ஒரு மாதம்கூடத் துண்டு விழவில்லை. ஆனால் இன்சூரன்ஸ் பிரீமியம் வந்தது, சேமிப்பு இல்லாததால் கார்டில் போட்டேன். பள்ளிக் கட்டணம் வந்தது, கார்டில் போட்டேன். துணி துவைக்கும் இயந்திரம் நின்றது, அதையும் கார்டில் போட்டேன். ஒவ்வொரு தடவையும் "இது எதிர்பாராத செலவு" என்று சொல்லிக்கொண்டேன். பிரீமியம் வருடா வருடம் ஒரே தேதியில்தான் வருகிறது. அதை எதிர்பாராதது என்று எப்படிச் சொல்ல முடியும்? மாதப் பட்டியலில் அதற்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இது. வங்கி ஸ்டேட்மென்ட்டும் கார்டு ஸ்டேட்மென்ட்டும் கடந்த 12 மாதத்துக்கு எடுங்கள். மூன்று மாதம் போதாது. நான் முதலில் மூன்று மாதம்தான் பார்த்தேன், பிரீமியம் அதில் சிக்கவே இல்லை. ஒரு மார்க்கரை எடுத்து, மாதாமாதம் வருகிற வரிகளை எல்லாம் அடித்துவிடுங்கள். வாடகை, மின்கட்டணம், போன், மளிகை, தவணை எல்லாம் போகட்டும். அடிக்காமல் மிச்சம் நிற்பவைதான் நமக்கு வேண்டியவை. எங்களுக்கு இருபத்தேழு வரி நின்றது. உறவினர் வீட்டு விசேஷம், வண்டிப் பராமரிப்பு, பல் வைத்தியம், பிள்ளைகளின் பிறந்தநாள், ஒரு பயணம், இரண்டு ரிப்பேர். கூட்டிப் பார்த்த தொகையும் கார்டில் திரும்பி வந்திருந்த பாக்கியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது.

இப்போது அந்தக் கூட்டுத்தொகையை 12-ஆல் வகுங்கள். ஆண்டுக்கு 60,000 என்றால் மாதம் 5,000. சம்பளம் வந்த அன்றே இந்த 5,000 தனியாக ஒரு சேமிப்புக் கணக்குக்குப் போக வேண்டும். கடன் இருக்கும்போது எதற்குச் சேமிப்பு, அதையும் கடனுக்கே கட்டினால் வட்டி மிச்சமாகுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இது அடுத்த பிரீமியத்தை இப்போதே தவணையாகக் கட்டுவது மாதிரி. இதை ஒதுக்காவிட்டால் அதே தொகை கார்டில் வட்டியோடு ஏறும்.

தனிக் கணக்கு என்றால் உண்மையிலேயே தனிக் கணக்கு. எக்செல்லில் தனிக் கட்டம் போட்டு, பணத்தை ஒரே கணக்கில் வைத்திருந்தால் அது நிற்காது. டெபிட் கார்டு இல்லாத கணக்காக இருந்தால் இன்னும் நல்லது.

அந்த 5,000 ஒதுக்கினால் மாதம் துண்டு விழுகிறது என்றால், இருபத்தேழு வரியில் எதை விடலாம் என்று பாருங்கள். நாங்கள் பயணத்தை ஒரு வருடம் தள்ளி வைத்தோம். பிள்ளைகளிடம் காரணத்தைச் சொன்னோம். பெரியவளுக்கு வருத்தம்தான், ஆனால் புரிந்துகொண்டாள்.

படி 4: தவணை தவறுவதற்கு முன்னால் பேசுங்கள்

கட்ட முடியாது என்று தெரிந்தவுடன், கெடு தேதிக்கு முன்பே கடன் கொடுத்தவரிடம் பேசுங்கள். சம்பளத் தேதிக்குப் பிறகு வரும்படி கெடு தேதியை மாற்றச் சொல்லிக் கேட்கலாம், தவணைக் காலத்தை நீட்டக் கேட்கலாம். ஒத்துக்கொண்டதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கைமாத்துக் கொடுத்தவரிடமும் இதேதான். அவரிடம் ஒரு தேதியைச் சொல்லி, அந்தத் தேதியில் சின்னத் தொகையாவது கொடுங்கள்.

படி 5: தவணையைக் குறைய விடாதீர்கள்

கார்டு ஸ்டேட்மென்ட்டில் "மினிமம்" என்று, அந்த மாதம் குறைந்தபட்சம் கட்டியாக வேண்டிய ஒரு தொகை இருக்கும். பாக்கி குறையக் குறைய அதுவும் குறையும். மாத வட்டி 3 சதவீதம், மினிமம் என்பது பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, 1,00,000 கடனுக்குக் கணக்குப் போட்டேன். முதல் மாதம் வட்டி சேர்ந்து 1,03,000, அதில் 5 சதவீதம் 5,150. இப்படியே மினிமம் மட்டும் ஒரு வருடம் கட்டினால் மொத்தம் ஏறத்தாழ 55,000 கட்டியிருப்போம். கடன் எவ்வளவு குறைந்திருக்கும் தெரியுமா? 23,000. மீதி 32,000 வட்டிக்கே போயிருக்கும். கடன் பாதியாகவே 32 மாதம் ஆகும்.

அதே முதல் மாதத்து 5,150-ஐ மாற்றாமல் ஒவ்வொரு மாதமும் கட்டினால் 30-வது மாதம் கடன் முழுதாக முடிந்துவிடும். ஒரு காசு கூடுதலாகத் தேடவில்லை. முதல் மாதம் முடிந்த தொகையைக் கடைசி வரை விடாமல் பிடித்துக்கொண்டோம், அவ்வளவுதான். இந்தக் கணக்கை முதல் தடவையே யாராவது எனக்குக் காட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

உங்கள் கடனுக்கு எத்தனை மாதம் என்று பார்க்க, எக்செல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. என், பி, ஈ, ஆர் என்ற நான்கு எழுத்துதான் அதன் பெயர். அடைப்புக்குறிக்குள் மாத வட்டி, தவணை, பாக்கி என்ற வரிசையில் கொடுங்கள். வட்டியை 0.03 என்று எழுத வேண்டும். தவணைக்கு முன்னால் கழித்தல் குறி கட்டாயம். அதைப் போடாமல் விட்டால் மாதக் கணக்கு எதிர்மறை எண்ணாக வரும். பிழை என்று காட்டினால், நீங்கள் கட்டும் தவணை வட்டிக்கே போதவில்லை என்று அர்த்தம். அந்தக் கடனைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

எதை முதலில் அடைப்பது? சின்னக் கடனை முதலில் முடித்தால் மனசுக்குத் தெம்பு வரும் என்பார்கள். வட்டி அதிகமானதை முதலில் முடித்தால் பணம் மிச்சமாகும். நான் வட்டிப் பக்கம்தான். ஒரே ஒரு விதிவிலக்கு, கைமாத்து. வட்டியே இல்லாவிட்டாலும் அதை முதலில் முடித்தோம். ஆபீசில் அந்த நண்பரைப் பார்க்கும்போதெல்லாம் என் கணவர் வேறு பக்கம் நடந்துபோய்க்கொண்டிருந்தார். அது முடிந்ததும் அந்தத் தவணையை அப்படியே கார்டுக்கு மாற்றினோம். ஒரு கடன் முடிந்தால் அதன் தவணை அடுத்த கடனுக்குப் போக வேண்டும், வீட்டுச் செலவில் கலக்கக் கூடாது.

பின்சேர்க்கை 1

மூன்றாவது படியைச் செய்து பார்த்த ஒருவர், "12-ஆல் வகுத்து ஒதுக்கினேன், ஆனால் பிரீமியம் மூன்றே மாதத்தில் வந்துவிட்டது, பணம் போதவில்லை" என்று எழுதியிருந்தார். நியாயமான கேள்வி, நான் எழுதாமல் விட்டது. முதல் வருடம் மட்டும் ஒவ்வொரு செலவையும் அது வர எத்தனை மாதம் பாக்கி இருக்கிறதோ அத்தனையால் வகுங்கள். 12,000 பிரீமியம் மூன்று மாதத்தில் வருகிறது என்றால் மாதம் 4,000, அது கட்டியதும் 1,000. முதல் சில மாதம் கையைக் கடிக்கும். தாங்க முடியாவிட்டால், வருடத்துக்கு ஒரு முறை கட்டுவதைக் காலாண்டுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கொஞ்சம் கூடுதலாக வரலாம், ஆனாலும் கார்டு வட்டியை விடக் குறைவா என்று பார்த்து முடிவெடுங்கள்.

பின்சேர்க்கை 2

எல்லாக் கடனையும் ஒரே கடனாக மாற்றலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். மாற்றலாம், ஆனால் தவணை குறைகிறது என்பதற்காக மட்டும் வேண்டாம். மேலே சொன்ன 1,00,000-ஐ பாதி வட்டிக்கு, அதாவது மாதம் 1.5 சதவீதத்துக்கு, 60 மாதக் கடனாக மாற்றினால் தவணை சுமார் 2,540 ஆகும். பார்க்க இதமாக இருக்கும். கடைசியில் கட்டும் வட்டி ஏறத்தாழ 52,000. பழைய 3 சதவீதத்திலேயே மாதம் 5,150 கட்டி 30 மாதத்தில் முடித்தாலும் வட்டி ஏறத்தாழ அதே 52,000-தான். வட்டி பாதியானது, காலம் இரட்டிப்பானது, அதனால் மிச்சமே இல்லை. புதுக் கடனிலும் அதே 5,150-ஐக் கட்டினால் 24-வது மாதம் முடிந்துவிடும், வட்டி 19,000 அளவில் நிற்கும். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். காலியான கார்டின் வரம்பையும் அன்றைக்கே குறைக்கச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை 3

மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்கு: கடந்த 12 மாதத்தில் மிகக் குறைவாக வந்த மாதம் எதுவோ, அதையே உங்கள் வருமானம் என்று வைத்துத் திட்டம் போடுங்கள். அதற்கு மேல் வருவது முதலில் மூன்றாவது படியின் தனிக் கணக்குக்கு, அது நிரம்பிய பிறகு கடனுக்கு. வருமானம் அதையும் விடக் குறைந்துபோகும் மாதத்தில் அந்தக் கணக்கிலிருந்து எடுக்கலாம், தப்பில்லை. எடுத்த தொகையையும் தேதியையும் நோட்டின் அதே பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். அடுத்த நல்ல மாதத்தில் முதலில் எடுத்ததைத் திரும்பப் போட்டு அந்தச் சிவப்பு வரியை அடியுங்கள், அப்புறம் தவணைக்குப் போங்கள்.