பெஞ்ச்மார்க் பாத்து லாங்குவேஜ் செலக்ட் பண்றப்ப நடக்கற தப்புங்க

புது ப்ராஜெக்ட் ஆரம்பிக்கறப்ப டீம்ல யாராவது ஒருத்தர் ஒரு பெஞ்ச்மார்க், அதாவது எந்த ப்ரோக்ராமிங் லாங்குவேஜ் எவ்ளோ நேரம் எடுக்குதுன்னு அளந்த ஒரு பார் சார்ட்ட கொண்டு வந்து காட்டுவாங்க. சி, ரஸ்ட் எல்லாம் இத்துனூண்டு கோடு, பைத்தான் கோடு மட்டும் ஸ்க்ரீனோட அந்த ஓரம் வரைக்கும் போகும், பாத்த உடனே "அப்ப பைத்தான் வேணாம்"னு முடிவாயிடும். அந்த நம்பர் பொய்னு நான் சொல்லல. ஆனா அது எந்த கேள்விக்கு பதில்னு யாரும் கேக்கறதில்ல, எல்லா தப்பும் அங்கருந்துதான் வருது.

முக்கியமான தப்பு, அந்த சார்ட் லாங்குவேஜ அளக்குதுன்னு நெனச்சுக்கறது. அது அளக்கறது யாரோ எழுதின ஒரு ப்ரோக்ராம, ஒரு கம்பைலர் வெர்ஷன்ல, ஒரு மெஷின்ல. இதுக்கு நான் எப்பவும் காட்டற உதாரணம் ஒண்ணு இருக்கு. 2017ல போர்ச்சுகல் ஆராய்ச்சியாளர்கள் 27 லாங்குவேஜ எடுத்து எவ்ளோ நேரம் ஆகுது, எவ்ளோ கரண்ட் செலவாகுதுன்னு அளந்து ஒரு பேப்பர் போட்டாங்க, அந்த டேபிள் இன்னிக்கும் சுத்திக்கிட்டுதான் இருக்கு. அதுல சி-க்கு நேரம் 1ன்னு வச்சா ஜாவாஸ்க்ரிப்ட் 6.52, டைப்ஸ்க்ரிப்ட் 46.20. இப்ப யோசிச்சு பாருங்க, டைப்ஸ்க்ரிப்ட் ரன் ஆகறதுக்கு முன்னாடி டைப்ப எல்லாம் உருவிட்டு ஜாவாஸ்க்ரிப்டாதான் மாறுது, ரெண்டையும் ஓட்டறது ஒரே மாதிரி எஞ்சின்தான், அப்புறம் எங்கருந்து வந்துச்சு 7 மடங்கு வித்தியாசம்? ரெண்டு பக்கமும் எழுதியிருந்த ப்ரோக்ராம் ஒண்ணு இல்ல, அதான். அந்த ஒரு ஜோடிய மட்டும் கவனிச்சாலே மீதி வரிசைய எவ்ளோ தூரம் நம்பலாம்னு புரிஞ்சிடும்.

அந்த பேப்பர் ப்ரோக்ராம்கள எடுத்தது ஒரே கணக்க பல லாங்குவேஜ்ல எழுதி வேகத்த ஒப்பிடற பெஞ்ச்மார்க்ஸ் கேம்ங்கற வெப்சைட்லருந்து. அங்க பை நம்பரோட டிஜிட்ஸ் கண்டுபிடிக்கற டெஸ்ட்ல பல லாங்குவேஜும் பெரிய எண் கணக்குக்கு ஜிஎம்பி லைப்ரரியதான் கூப்பிடுது, ரெஜெக்ஸ் (டெக்ஸ்ட்ல பேட்டர்ன் தேடற) டெஸ்ட்ல சில லாங்குவேஜ் பிசிஆர்இ லைப்ரரிய. அப்ப அந்த வரிசையில தெரியறது பாதிக்கு மேல அந்த லைப்ரரியோட வேகம். இன்னொரு பக்கம், டாப்ல நிக்கற சி, ரஸ்ட் ப்ரோக்ராம்கள தெறந்து படிச்சு பாருங்க, எஸ்ஐஎம்டி (ஒரே அடில பல எண்ணுக்கு கணக்கு போடற) இன்ஸ்ட்ரக்ஷன கையால எழுதி, வேலைய பல த்ரெட்டா பிரிச்சு, அந்த ஒரு கணக்குக்காகவே செதுக்கியிருப்பாங்க. நம்ம டீம் ரிலீஸ் டென்ஷன்ல எழுதற கோட் அப்படியா இருக்கப்போகுது?

சரி, நாமளே அளந்துடலாம்னு இறங்கினா அங்க வேற குழி. 0லருந்து நூறு கோடி வரைக்கும் லூப் ஓட்டி கூட்டறதுதான் எல்லாரும் மொதல்ல எழுதறது. பைத்தான்ல காத்திருக்கணும், சி-ல எண்டர் தட்டறதுக்குள்ள முடிஞ்சிடும். காரணம் என்னன்னா, ஆப்டிமைசேஷன் ஆன் பண்ணா க்ளாங் கம்பைலர் அந்த லூப்பயே தூக்கிட்டு, ஸ்கூல்ல படிச்ச கூட்டல் சூத்திரத்த அங்க வச்சிடும். லூப்பே ஓடல. விடைய எங்கயும் யூஸ் பண்ணலன்னா அந்த கணக்கையே மொத்தமா தூக்கிடும். இதுல ஒருத்தர் "சி பல ஆயிரம் மடங்கு ஃபாஸ்ட்"னு எழுதினா அவர் அளந்தது எதையுமே இல்ல.

இதே மாதிரி சின்ன சின்னதா நெறைய. ரஸ்ட்ட ரிலீஸ் மோட் போடாம ஆப்டிமைசேஷன் இல்லாத டீபக் பில்டுலயே ஓட்டிட்டு "ஸ்லோவா இருக்கே"ங்கறது. ஜாவாவ ஒரே ஒரு தடவ ஓட்டி நேரம் எடுக்கறது, ஜாவாவ ஓட்டற ஜேவிஎம் ஆரம்பத்துல இன்டர்ப்ரெட்டர்லதான் ஓட்டும், அடிக்கடி ஓடற இடத்த பாத்து அப்புறம்தான் மெஷின் கோடா மாத்தும், அதனால மொத சில ரவுண்ட் நேரத்த கணக்குல எடுக்கக்கூடாது (உங்க வேல நிமிஷத்துல செத்துப்போற சின்ன ஸ்க்ரிப்ட்னா மட்டும் அந்த ஆரம்ப நேரம்தான் உங்களுக்கு முக்கியம்). லூப்புக்குள்ள ப்ரிண்ட் போட்டுட்டு டெர்மினல் வேகத்த அளக்கறது. லேப்டாப் சூடாகி சிபியு தன் வேகத்த கொறச்சத கவனிக்காம விடறது. 2009ல வந்த ஒரு பேப்பர்ல என்விரான்மென்ட் வேரியபிளோட சைஸ் மாறினாலே, லிங்க் பண்ற ஆர்டர் மாறினாலே ரன் டைம் மாறுதுன்னு காட்டியிருக்காங்க, அதனால 3 பெர்சென்ட், 5 பெர்சென்ட் வித்தியாசத்த வச்சுக்கிட்டு சண்ட போடாதீங்க.

பழைய நம்பரும் ஆபத்துதான். 2022 அக்டோபர்ல வந்த பைத்தான் 3.11, 3.10ஐ விட சராசரியா 25 பெர்சென்ட் ஃபாஸ்ட். ஆக்டேன்னு ஒரு ஜாவாஸ்க்ரிப்ட் பெஞ்ச்மார்க் இருந்துச்சு, எஞ்சின் எழுதறவங்க எல்லாம் அந்த டெஸ்டுக்கே ட்யூன் பண்ண ஆரம்பிச்சு நிஜ வெப்சைட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லாம போனதால 2017ல க்ரோம் ப்ரவுசரோட ஜாவாஸ்க்ரிப்ட் எஞ்சின் எழுதற வி8 டீமே அத மூடிட்டாங்க.

இனி எனக்கு ரொம்ப வலிக்கற தப்பு, நேரம் எங்க போகுதுன்னே பாக்காம லாங்குவேஜ மாத்தறது. ஒரு ரெக்வெஸ்டுக்கு 400 மில்லிசெகண்ட் ஆகுது, அதுல 360 டேட்டாபேஸ் பதிலுக்கு காத்திருக்கறதுல போகுதுன்னு வச்சுக்கங்க. உங்க கோட் பங்கு 40. 20 மடங்கு ஃபாஸ்ட்டான லாங்குவேஜுக்கு மாத்தி எழுதினா அந்த 40 ரெண்டாகும், மொத்தம் 362. பல மாச வேலைக்கு கெடச்சது பத்துல ஒரு பங்கு கூட இல்ல. நான் இருந்த ஒரு டீம்ல ரிப்போர்ட் சர்வீஸ் ஒண்ணு ஊர்ந்துக்கிட்டு இருந்துச்சு, கோ லாங்குவேஜுக்கு மாத்தணும்னு ப்ளான் எல்லாம் ரெடி, அதுக்கு முன்னாடி ஒரு தடவ ப்ரொஃபைலர் (நேரம் எங்க போகுதுன்னு காட்டற டூல்) போட்டு பாத்தோம். ஒவ்வொரு வரிக்கும் லூப்புக்குள்ள டேட்டாபேஸுக்கு தனித்தனியா ஒரு க்வெரி போயிட்டு இருந்துச்சு. அத எல்லாத்தையும் சேத்து எடுக்கற ஒரே ஜாயின் க்வெரியா மாத்தினதும் பிரச்சன முடிஞ்சுது, கோட் பைத்தான்லயே இருக்கு.

இத படிச்சுட்டு "அப்ப ஸ்பீடே முக்கியமில்ல, சர்வர் ஒண்ணு கூட வாங்கிக்கலாம்"னு கெளம்பறதும் அதே அளவு தப்பு. டிஸ்கார்ட்ங்கற சாட் ஆப் கம்பெனி 2020ல எழுதினத பாருங்க. யாரு எந்த மெசேஜ் வரைக்கும் படிச்சாங்கன்னு வச்சுக்கற அவங்க சர்வீஸ் கோ-ல இருந்துச்சு, பொதுவா வேகமாதான் ஓடுச்சு, ஆனா 2 நிமிஷத்துக்கு ஒரு தடவ லேட்டன்சி (பதில் வர ஆகற நேரம்) எகிறுச்சு. கோ எப்படியும் 2 நிமிஷத்துக்கு ஒருமுற கார்பேஜ் கலெக்ஷன (யூஸ் ஆகாத மெமரிய தேடி விடுவிக்கற வேலைய) கட்டாயமா ஓட்டும், அப்ப அந்த பெரிய கேஷ் முழுக்க மெமரிய ஸ்கேன் பண்ணணும். கார்பேஜ் கலெக்டரே இல்லாத ரஸ்ட்ல எழுதினப்ப அந்த எகிறல் போயிடுச்சு. சராசரி காட்டற எந்த பார் சார்ட்லயும் இது தெரியாது. அதனால 99வது பெர்சென்டைல் லேட்டன்சி (100 ரெக்வெஸ்ட்ல 99 எவ்ளோ நேரத்துக்குள்ள முடியுதுங்கறது), மெமரி, ஸ்டார்ட் ஆகற நேரம், இதெல்லாம் உங்க வேலைக்கு முக்கியம்னா அத கேட்டு பாருங்க.

நான் இப்ப பண்றது இதுதான். சார்ட்ல 2 மடங்கு வித்தியாசம்னா கண்டுக்கறதில்ல, 50 மடங்குன்னா நின்னு பாக்கறேன், அதுவும் நம்ம வேல சிபியுவ தின்னற வேலையா இருந்தா மட்டும். அப்புறம் ப்ராஜெக்ட்ல இருக்கறதுலயே கஷ்டமான ஒரு துண்ட எடுத்து, நம்ம டேட்டாவோட, ரெண்டு லாங்குவேஜ்ல, நாளைக்கு அத மெயின்டெயின் பண்ணப்போற ஆளுங்களையே எழுத சொல்லி, சர்வர் மாதிரியே இருக்கற மெஷின்ல 30 தடவ ஓட்டி, சராசரியோட சேத்து மோசமான ரன்னையும் எழுதி வச்சுக்கறேன். பைத்தான் தோத்தா கூட உடனே தூக்கி போடறதில்ல, அந்த லூப்ப மட்டும் நம்பைங்கற (NumPy) பைத்தான் கணக்கு லைப்ரரில மாத்தி இன்னொரு 30 ஓட்டறேன்.