ஐம்பதைத் தாண்டிய சைக்கிள் பந்தயக்காரர்கள் எடை விஷயத்தில் செய்யும் தவறுகள்

ஐம்பது வயதுக்கு மேலும் ரேஸ் ஓட்டுகிறவர்களிடம் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் எடையில்தான் வந்து நிற்கும். "இன்னும் ரெண்டு கிலோ போனா போதும், மலையில பறந்துடலாம்." அந்த இரண்டு கிலோ கொழுப்பிலிருந்து போகிறதா, தசையிலிருந்து போகிறதா என்று பார்க்காமல் விடுவதுதான் பெரிய தவறு.

கணக்குப் போட்டே பார்க்கலாம். பிரான்ஸில் லா மார்மோட் என்ற அமெச்சூர் போட்டி முடிகிற ஆல்ப் துயெஸ் மலைப்பாதை 13.8 கி.மீ. நீளம், சராசரி ஏற்றம் 8.1 சதவீதம். 75 கிலோ ஆள், 9 கிலோ சைக்கிள், பெடலில் கொடுக்கும் சக்தி 230 வாட் என்றால் ஏறி முடிக்க ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். உடம்பில் 2 கிலோ குறைந்தால் ஒன்றரை நிமிடம் போல மிச்சமாகும். ஆனால் பட்டினி கிடந்து குறைத்ததில் தொடைத் தசையும் சேர்ந்து கரைந்து, 230 வாட் 220 ஆகிவிட்டால் மூன்று நிமிடம் போச்சு. மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்கு! சமதளத்திலோ காற்றைக் கிழிப்பதுதான் முக்கால்வாசி வேலை, அங்கே எடை பெரிய விஷயமே இல்லை. தொடர்ந்து ஐந்து முறை டூர் டி பிரான்ஸ் வென்ற மிகேல் இந்துராயின் 80 கிலோவை ஒட்டி இருந்தவர்.

வயது ஏற ஏறத் தசை தானாகவே குறையும். போதாததற்கு, அதே புரதத்தைச் சாப்பிட்டாலும் இளைஞர் உடம்பு தசை கட்டுகிற அளவுக்கு நம் உடம்பு கட்டாது. அதனால் வேளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.4 கிராம் அளவில் புரதம் தேவைப்படுகிறது. 70 கிலோ ஆளுக்கு 28 கிராம். நம் காலைச் சாப்பாட்டைப் பாருங்கள், நான்கு இட்லியில் 8 கிராம் தேறினால் அதிகம். இரண்டு முட்டை சேர்த்தால் 20. முட்டை சாப்பிடாதவர்கள் பனீர், சுண்டல், தயிர் என்று யோசித்து யோசித்துத்தான் தட்டை நிரப்ப வேண்டும். இதைச் சரிசெய்யாமல் ராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

வீட்டு எடை மெஷின் காட்டும் கொழுப்புச் சதவீதத்தை தினமும் நம்புவது அடுத்த தவறு. அது உடம்பில் சிறு மின்னோட்டத்தை அனுப்பி ஊகிக்கிற எண், வியர்த்து வந்து ஏறினால் ஒன்று, தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் வேறொன்று. எடையும் அப்படித்தான். தசையில் கிளைகோஜன் என்ற பெயரில் சேமித்திருக்கும் மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அதனால் நீண்ட ரைடு முடிந்த மறுநாள் ஒன்றரை கிலோ குறைந்து தெரிந்தால் அதில் பெரும்பகுதி கொழுப்பே இல்லை. பேசாமல் ஒரு டேப்பை எடுத்து இடுப்பை அளங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் குறைக்க வேண்டியது இருக்கிறது என்று அர்த்தம்.

"வயசாயிடுச்சு, மெட்டபாலிசம் படுத்துடுச்சு" என்பதும் பாதி உண்மைதான். 2021-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்ததில், உடல் அளவைக் கணக்கில் எடுத்தபின் 20 முதல் 60 வயது வரை எரிசக்திச் செலவு மாறவே இல்லை. 60-க்குப் பிறகுதான் வருடத்துக்கு 0.7 சதவீதம் போலக் குறைகிறது.

அப்புறம் எலும்பு. சைக்கிள் ஓட்டுவதில் உடல் எடையைச் சீட் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு வேலை குறைவு, இதோடு வருடக்கணக்கில் குறைவாகச் சாப்பிட்டால் முதுகெலும்பின் அடர்த்தி குறையும். வாரம் இரண்டு நாள் வெயிட் தூக்குவதை விட்டுவிடாதீர்கள். கொழுப்புச் சதவீதம் சரியாகத் தெரிய வேண்டுமென்றால் டெக்ஸா என்ற எக்ஸ்-ரே ஸ்கேன் எடுங்கள், எலும்பு அடர்த்தியையும் அதே மெஷினில் பார்த்துவிடலாம்.

பிரான்ஸின் சைக்கிள் வீரர் ராபர்ட் மார்ஷான் 101 வயதிலிருந்து 103 வயதுக்குள் தன் உச்ச சக்தியை 90 வாட்டிலிருந்து 125 வாட்டாக உயர்த்தினார். எடை மாறவில்லை, பயிற்சியை மட்டும்தான் மாற்றினார்.

குறைக்கத்தான் வேண்டுமென்றால் ரேஸ் இல்லாத மாதங்களில், வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் போகாமல் குறையுங்கள். கடினமான பயிற்சி நாளில் வயிற்றைக் காயப்போட வேண்டாம், ஓய்வு நாளில் சோற்றைக் குறைத்தால் போதும்.