பக்கந்தானே என்று கிளம்பாதீர்கள்: எல்லை ஊர் இளந்தம்பதிகள் முதல் கோடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழிஞ்சாம்பாறையில் வீடு, பொள்ளாச்சியில் பெண் வீடு, கொல்லங்கோட்டில் சித்தி, உடுமலையில் பெரியம்மா, பாலக்காட்டில் வேலை. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது சாதாரணம். கல்யாணமான முதல் கோடையில் இத்தனை வீட்டிலிருந்தும் விருந்துக்கு அழைப்பு வரும். கூடவே நெல்லியாம்பதி, பறம்பிக்குளம் என்று சுற்றிப் பார்க்கும் ஆசையும் இருக்கும். எல்லாம் கைக்கெட்டும் தூரம் என்பதால் "பக்கந்தானே" என்று ஒரே நாளில் மூன்று வேலையைக் கோத்துவிடுகிறார்கள். கோடை கெடுவது பெரும்பாலும் அங்கேதான். தூரம் குறைவுதான், ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் பள்ளி விடுமுறை ஒன்று, அந்தப் பக்கம் இன்னொன்று. புத்தாண்டுக் கணக்கும் கோயில் வழக்கமும்கூட அப்படித்தான். கிலோமீட்டரை விட்டுவிட்டு இவற்றைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும்.

முதலில் விருந்து. மதியம் ஒரு வீடு, இரவு ஒரு வீடு என்று ஒப்புக்கொள்வதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. புதுத் தம்பதிக்கு விருந்து என்றால் அந்த வீட்டில் விடியற்காலையிலேயே அடுப்பு பற்றவைத்துவிடுவார்கள். கோழி, ஆடு, வடை, பாயசம் என்று இலை நிறைத்துவிட்டு, "மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா?" என்று அத்தை கரண்டியோடு பக்கத்திலேயே நிற்பார். மதியம் அங்கே முட்டச் சாப்பிட்டவர் ராத்திரி அடுத்த வீட்டு இலையில் சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்தால், சமைத்தவருக்கு எவ்வளவு வருத்தமாக இருக்கும்! ஒரு நாளைக்கு ஒரு வீட்டில் மட்டும் சாப்பாடு. அதே ஊரில் இன்னொரு வீடு இருந்தால், "சாயங்காலம் காபிக்கு வர்றோங்க அத்தை, பலகாரம்கூட வேண்டாம்" என்று முதல் நாளே போன் செய்து சொல்லிவிடுங்கள். முன்கூட்டிச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வந்து உட்கார்ந்த பிறகு வேண்டாம் என்றால்தான் மனத்தாங்கல்.

இதைவிடப் பெரிய தவறு, பெண்ணின் அம்மா வீட்டுக்கு மிச்ச நாளை ஒதுக்குவது. பையன் பக்கத்து உறவையெல்லாம் வரிசையாகப் பார்த்து முடித்து, லீவு தீரும்போது பொள்ளாச்சிக்கு ஒரு ராத்திரி. அங்கே அப்புச்சியும் அம்மாயியும் மார்கழியிலிருந்தே நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். பேத்தி வந்ததும் பெட்டியைத் திறக்கக்கூட நேரமில்லாமல் கிளம்பினால் அந்த வயதில் தாங்காது. கோடையின் முதல் நாலைந்து நாளை அங்கே கொடுத்துவிடுங்கள் என்பேன். இன்னொன்றும் இருக்கிறது. விருந்துக்குப் போகிற வீட்டிலெல்லாம் மாப்பிள்ளை ஊஞ்சலில் உட்கார, பெண் மட்டும் நேராக அடுப்படிக்குப் போய் எல்லாருக்கும் பரிமாறி, கடைசிப் பந்தியில் ஆறிப்போனதைச் சாப்பிடுகிறாள். பத்து வீட்டில் இப்படி நடந்தால் அது அவளுக்கு விடுமுறையே இல்லை. "அவளும் என்கூடவே உட்காரட்டுங்க" என்று கணவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரியவர்கள் மறுப்பதில்லை, சொல்ல ஆள் இல்லாததுதான் குறை.

அடுத்தது நாள் பார்ப்பது. கேரளத்தில் பள்ளிகள் மார்ச் கடைசியில் மூடி ஜூன் தொடக்கத்தில் திறக்கும். தமிழ்நாட்டில் ஆண்டுத் தேர்வு முடியவே ஏப்ரல் பாதி தாண்டிவிடும். ஏப்ரல் முதல் வாரத்தில் குடும்பச் சந்திப்பு வைத்தால் பொள்ளாச்சி, கோவைப் பிள்ளைகள் வர முடியாது. பிள்ளைகள் வராவிட்டால் அவர்களுடைய அம்மாக்களும் வர மாட்டார்கள். இரண்டு பக்கமும் சேர வேண்டுமென்றால் மே முதல் பாதிதான் தோது.

சித்திரை ஒன்றும் மலையாளிகளின் விஷுவும் எப்போதும் ஒரே நாள் என்று நினைப்பதும் தவறு. சூரியன் மேஷத்துக்குள் நுழைவது பிற்பகலில் விழுந்தால், தமிழ்ப் பஞ்சாங்கம் அன்றைக்கே புத்தாண்டு என்னும், மலையாளக் கணக்கு மறுநாளுக்குத் தள்ளும். 2023-இல் அப்படித்தான், புத்தாண்டு ஏப்ரல் 14, விஷு ஏப்ரல் 15. அந்த மாதிரி வருடங்கள் உங்களுக்கு வரம்: ஒரு நாள் இந்த வீட்டில் சித்திரைக்கனி, மறுநாள் அந்த வீட்டில் விஷுக்கனி. இரண்டும் ஒரே நாளில் வரும் வருடத்தில், எந்த வீட்டில் கண் விழிப்பது என்பதை ஒரு மாதம் முன்பே பேசிவிடுங்கள். உருளியில் அரிசி, மஞ்சள் கனிவெள்ளரிக்காய், கண்ணாடி, நாணயம், கொன்றைப் பூ என்று ராத்திரியே அடுக்கிவைத்துவிட்டு, விடிகாலை கண்ணைப் பொத்தி அழைத்துப்போகக் காத்திருக்கும் பெரியவர்களிடம் கடைசி நேரத்தில் "வர முடியலை" என்று சொல்லக் கூடாது. பெரியவர்கள் தரும் விஷுக் காசான கைநீட்டத்தை வாங்கும்போது குளித்து, காலில் விழுந்து வாங்குங்கள், போனில் பேசிக்கொண்டே கை நீட்டாதீர்கள்.

கொங்குப் பக்க உறவுகளை அழைக்கும்போது அவர்கள் ஊர் மாரியம்மன் நோன்பு எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கம்பம் நட்டு காப்புக் கட்டிவிட்டால் பல ஊர்களில் வெளியூரில் ராத் தங்க மாட்டார்கள். அசைவமும் கிடையாது. கறிவிருந்து ஏற்பாடு செய்துவிட்டுப் பிறகு முழிப்பதைத் தவிர்க்கலாம்.

இனிப் பயணம். கொல்லங்கோட்டு வயல் படங்களைப் போனில் பார்த்துவிட்டு ஏப்ரலில் வந்து இறங்குகிற ஜோடிகளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். இரண்டாம் போகம் மாசி வாக்கிலேயே அறுவடையாகிவிடும். கோடையில் அங்கே இருப்பது வெடித்த நிலமும் அரிதாளும்தான். பச்சை பார்க்க வேண்டுமென்றால் மழை விழுந்து நடவு முடிந்த பிறகு ஆடி, ஆவணியில் வாருங்கள். அருவிகளும் அப்படியே. நெல்லியாம்பதி சீதார்குண்டில் காற்றும் காட்சியும் கிடைக்கும், தண்ணீரை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

நெல்லியாம்பதிக்கு நெம்மாறை, போத்துண்டி வழியாகத்தான் ஏற வேண்டும். மீன மாதம் 20-ஆம் தேதி, அதாவது ஏப்ரல் 2, 3 வாக்கில், நெம்மாறை வல்லங்கி வேலா என்னும் கோயில் திருவிழா. யானை, பந்தல், வெடிக்கட்டு என்று ஊரே நிறைந்திருக்கும். திருவிழாவைப் பார்க்க என்றே போனால் அது ஒரு வாழ்நாள் அனுபவம். அந்த நாளில் மலை ஏறலாம் என்று கிளம்பினால் நெம்மாறையிலேயே நிற்க வேண்டியதுதான். மற்ற நாட்களிலும் காலையில் ஏறி, இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். அது யானை நடமாட்டம் உள்ள பாதை.

பறம்பிக்குளம் கேரளத்துக் காடு, ஆனால் சாலை தமிழ்நாட்டு வழியாகத்தான். பாலக்காட்டிலிருந்து போவதானாலும் பொள்ளாச்சிப் பக்கம் வந்து, சேத்துமடை, டாப்ஸ்லிப் தாண்டித்தான் நுழைய வேண்டும். இது தெரியாமல் முதலமடையில் நின்று வழி கேட்பவர்கள் உண்டு. கோடையில் காட்டுத்தீ அபாயம் இருந்தால் நுழைவை நிறுத்திவிடுவார்கள். அதனால் கிளம்புவதற்கு முன் வனத்துறையில் கேட்டுக்கொண்டு, தங்குவதற்கும் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். குடும்பத்தோடு வேன் வைத்துப் போவதானால், கேரளத்துக்குள் ஓட்ட பர்மிட்டும் வரியும் சரியாக இருக்கிறதா என்று வண்டிக்காரரிடம் முதல் நாளே கேளுங்கள். எல்லையில், வாளையாரிலோ கோபாலபுரத்திலோ வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு, வெயிலில் பெரியவர்களை உட்காரவைப்பது பெரும் பாவம். பாலக்காட்டு வெயில் சும்மா இல்லை. மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. பதினொன்றிலிருந்து நாலு மணி வரை வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் வண்டியில் ஏற்றவே வேண்டாம். கோயிலுக்கும் அதே கணக்குத்தான். கேரளத்துக் கோயில்கள் பல காலை நாலு, ஐந்துக்கே திறந்து உச்சிக்கு முன்பே நடை சாத்திவிடும். வேட்டியும் ஒரு மேல்துண்டும் பையில் இருக்கட்டும். பேன்ட்டோடு போய் வாசலில் நிற்க வேண்டாம்.

சாப்பாட்டில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கேரளத்து உறவு வீட்டில் இளஞ்சிவப்பாக வெதுவெதுவென்று தண்ணீர் வைத்தால் அது பதிமுகம் போட்டுக் கொதிக்க வைத்தது. தயங்காமல் குடியுங்கள், வெயிலுக்கு நல்லது என்பார்கள். மட்டை அரிசிச் சோறு பொன்னி மாதிரி இல்லை, கொஞ்சம் போட்டாலே வயிறு நிறைந்துவிடும். முதல் தடவையே நிறைய வாங்கிவிட்டு, கடைசியில் வரும் பிரதமன் பாயசத்துக்கு இடமில்லாமல் தவிக்காதீர்கள். பாலக்காட்டுக்குப் போகிற வழியில் எலப்புள்ளிப் பக்கம் ராமசேரி இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் அங்கே இட்லி சுடுகின்றன. மண்சட்டி வாயில் நூல் வலை கட்டி, மேலே துணி விரித்து மாவு ஊற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விறகடுப்பில் வேகவைப்பார்கள். தட்டையாக, மெத்தென்று இருக்கும். சட்னியைவிடப் பொடியும் தேங்காயெண்ணெயும்தான் அதற்குப் பொருத்தம். மதிய விருந்துக்குப் போகிற நாளில் அங்கே நின்று வயிற்றை நிரப்பிக்கொள்வது அத்தைக்குச் செய்கிற துரோகம். அதற்கென்று தனியாக ஒரு காலை வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது எல்லா வீட்டிலும் மாம்பழம் கட்டித் தருவார்கள். முதலமடை மாம்பழம் மற்ற ஊர்களுக்கு முன்பே சந்தைக்கு வந்துவிடும். மே கடைசிக்குள் நல்ல காய் தீரத் தொடங்கும் என்பதால், ஊருக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பழுத்ததை வாங்க வேண்டாம். பால் வடிந்து காய்ந்த முற்றிய காயாக வாங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டாமல் அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, காம்பு கீழே பார்க்க அடுக்குங்கள். வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் போட்டால் வெந்துபோகும், பின் சீட்டின் கீழே வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து காற்றாட வைத்து, தினமும் ஒரு தடவை கையால் தொட்டுப் பார்த்து, மெத்தென்று ஆனதை மட்டும் எடுத்துத் தண்ணீரில் ஊறப்போடுங்கள்.